வாக்கெடுப்பில் வராத குளிர்காலம்: நோர்வேயின் ஆழ்கடல் அகழ்வு

நோர்வே என்றதும் எங்களில் பலருக்கு 2002ஆம் ஆண்டுச் சமாதானப் பேச்சு நினைவுக்கு வரும். அதற்கும் முன்னரே வடநோர்வேயின் மீன் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போன உறவுகளும் நினைவுக்கு வருவார்கள். அந்த நாட்டின் பாராளுமன்றம் 2024 ஜனவரியில், யான் மாயன் தீவுக்கும் ஸ்வால்பார்டுக்கும் இடைப்பட்ட பகுதியில் சுமார் 2,81,000 சதுர கிலோமீற்றர் கடற்பரப்பைக் கனிமத் தேடலுக்குத் திறந்துவிட்டது. இலங்கையைப் போல நான்கு மடங்குக்கும் அதிகமான பரப்பு.

நான் ஊடகக் கற்கை படித்தவள், உயிரியல் அல்ல. ஆனாலும் இந்தச் செய்தியைத் தொடர்ந்தபோது என்னைப் பிடித்துக்கொண்டது அரிசிமணி அளவிலான ஓர் உயிரிதான். கலானஸ் ஹைப்பர்போரியஸ் என்று பெயர், இறால், நண்டுகளுக்குத் தூரத்துச் சொந்தம். கோடையில் மேல்நீரில் பாசி தின்று உடல் நிறையக் கொழுப்பைச் சேர்த்துக்கொள்ளும். கோடை முடியும்போது கீழே இறங்கும். கிறீன்லாந்துக் கடலில் 500 மீற்றருக்கும் கீழே, சிலவேளை 2,000 மீற்றர் வரையிலும், சூரியனே எழாத மாதங்களைக் கழிக்கும். அங்கேதான் இனப்பெருக்கமும். நவம்பர் தொடங்கி மார்ச் வரை, இரையே எடுக்காமல், சேர்த்துவைத்த கொழுப்பைக் கொண்டே பெண் உயிரி முட்டையிடும். கொழுப்பு நிறைந்த முட்டைகள் தாமாகவே மேலே மிதந்து செல்லும். வசந்தத்தில் பாசி பூக்கும்போது குஞ்சுகள் மேல்நீரில் இருக்கும்.

சிக்கல் இங்கேதான். பனியும் இருளும் காரணமாகத் துருவக் கடல் மாதிரிகளில் பெரும்பாலானவை கோடையில் எடுக்கப்பட்டவை. கோடையில் வலை போட்டவருக்கு ஆழம் கிட்டத்தட்ட வெறுமையாகத் தெரியும், அதே ஆழம் ஜனவரியில் பிரசவ அறை. அகழும் இயந்திரம் கிளப்பும் கலங்கல் நூற்றுக்கணக்கான மீற்றர் மிதந்தேறும் முட்டைகளை என்ன செய்யும் என்று கேட்டால், கோடைத் தரவு பதில் சொல்லாது. மதிப்பீட்டு அறிக்கை முடிவெடுக்கப் போதாது என்று அந்நாட்டின் சுற்றாடல் முகவரகமே வாக்கெடுப்புக்கு முன்னர் சொல்லியிருந்தது. கேட்கப்படவில்லை.

இது வெறும் பூச்சிக் கதையும் அல்ல. இதன் சிறிய சகோதர இனமான கலானஸ் பின்மார்க்கிகஸின் குஞ்சுகளைத் தின்றுதான் நோர்வேயின் கொட் மீன்குஞ்சுகள் வளர்கின்றன. அதுவும் நோர்வேக் கடலின் ஆழத்திலேயே குளிர்காலத்தைக் கழிக்கிறது. எங்கள் உறவுகள் தொழிற்சாலைகளில் வெட்டியதும் அந்தக் கொட் மீனைத்தான்.

2024 டிசம்பரில் முதலாவது உரிமச் சுற்று நிறுத்தப்பட்டது. விஞ்ஞானம் வென்றதால் அல்ல. வரவுசெலவுத் திட்டத்துக்கு ஆதரவு தர, சோசலிச இடதுசாரிக் கட்சி விதித்த நிபந்தனை அது.