பாட்டரி புகைந்தால் குற்றவாளி யார்?

போன் சட்டைப்பையில் தீப்பற்றினால் வழக்குப் போடலாமா, கூடாதா? இதற்குக்கூட விவாதம் நடத்துகிறார்கள் சில கனவான்கள்! காசு பறிக்கும் தந்திரம் என்று வழக்குப் போட்டவர்களையே ஏசுகிறார்கள்.

விஷயம் என்ன? 2016 ஆகஸ்டில் தென்கொரிய ஏகபோகமான சாம்சங், காலக்ஸி நோட் 7 என்ற போனைச் சந்தைக்கு விட்டது. இரண்டே வாரத்தில் 25 லட்சம் போன்களைத் திரும்ப அழைத்தது. மாற்றிக் கொடுத்த போனும் புகைந்தது. அமெரிக்காவில் விமானத்துக்குள்ளேயே புகைந்தது! அக்டோபரில் உற்பத்தியையே மூடினார்கள். முதல் பாட்டரியில் உறையின் மூலைக்கு இடம் போதாமல் தகடு வளைந்தது. இரண்டாவதில் வெல்டிங் பிசிறு. 2017 ஜனவரியில் கம்பெனி தானே ஒப்புக்கொண்ட குற்றங்கள் இவை.

விலையைத் திருப்பித் தந்தார்களே, இன்னும் என்ன என்கிறார்கள். நியூ ஜெர்சியில் வழக்காடியவர்கள் கேட்டது, போனை உபயோகிக்க முடியாத நாட்களுக்கும் கட்டிய மாதச் சந்தாவை. அணைத்து வை என்றது கம்பெனி; சந்தா கட்டியது இவர்கள். இது பேராசையாம்! பாவு இல்லாமல் தறி நின்ற நாளுக்கு நாம் கூலி கேட்டால், முதலாளியும் இதைத்தானே சொல்கிறான்?

கம்பெனி வக்கீல் இந்தப் பாட்டைப் பாடினால் நமக்குப் புரிகிறது; அவன் கூலி வாங்குகிறான். ஒரு காசும் வாங்காதவர்கள் ஏன் பாடுகிறார்கள்?