கண்ணகி கோயில்: வருஷத்துக்கு ஒரே ஒரு நாள் மட்டும் திறப்பது ஏன்?

சித்ரா பௌர்ணமி அன்று குமுளிக்குப் போனவர்களுக்குத் தெரியும். விடிவதற்கு முன்பே ஜீப்புகள் வரிசைகட்டி நிற்கும். கம்பம், கூடலூர், சின்னமனூரில் இருந்து குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள். ஜீப் வேண்டாம் என்பவர்கள் லோயர்கேம்ப் பக்கம் பளியங்குடியில் இருந்து காட்டுப்பாதையில் நடந்தே ஏறுவார்கள். சுமார் ஆறரை கிலோமீட்டர், முழுக்க ஏற்றம்தான். எல்லாம் மங்கலதேவி மலை உச்சியில் இருக்கும் கண்ணகியைப் பார்க்கத்தான். அன்றைக்கு விட்டால் இனி அடுத்த சித்ரா பௌர்ணமிதான்.

கடல் மட்டத்தில் இருந்து 1,300 மீட்டருக்கு மேலே இருக்கும் இந்தக் கோயிலுக்கு ஏன் இப்படி ஒரு கட்டுப்பாடு? கேரளா விடமாட்டேங்குது என்பதுதான் கம்பம் டீக்கடைகளில் கிடைக்கும் பதில். அது பாதி உண்மை.

கதையில் இருந்தே தொடங்கலாம். மதுரையை எரித்த கண்ணகி வைகைக் கரையோரமாக மேற்கே நடந்து, ஒரு மலையேறி, வேங்கை மரத்தடியில் நின்றாள். பதினான்காம் நாள் கோவலனோடு வானுலகம் போனாள். அதைப் பார்த்த மலைக்குறவர்கள் சேரன் செங்குட்டுவனிடம் சொல்ல, அவன் இமயத்தில் இருந்து கல் கொண்டுவந்து கோயில் எழுப்பினான். சிலப்பதிகாரம் சொல்வது இது. அந்த மலை எது என்று பூம்புகாரில் தொடங்கி வழித்தடத்தைத் தேடிப் போனவர் தமிழறிஞர் சி.கோவிந்தராசனார். 1963-ல் இந்த மலைக்கு வந்து, இதுதான் அந்தக் கோட்டம் என்றார். இப்போது சிதைந்து நிற்கும் கற்கட்டுமானம் செங்குட்டுவன் காலத்தது அல்ல, பிற்காலத்தியது. ஆனால், அங்கிருக்கும் கல்வெட்டுகள் தமிழில் இருக்கின்றன. தமிழகம் உரிமை கோரும்போது முதலில் காட்டுவது அதைத்தான்.

எல்லை யாருடையது?

1956-ல் மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது, தமிழர்கள் கேட்ட தேவிகுளமும் பீர்மேடும் கேரளாவுக்குப் போயின. அந்தக் காயம் தேனிப் பக்கம் இன்னும் ஆறவில்லை. கோயில் எல்லைக்கோட்டின் மேலேயே மாட்டிக்கொண்டது. ஆங்கிலேயர் கால நில அளவை ஆவணங்களின்படி கோயில் எங்கள் பக்கம் என்கிறது தமிழகம். 1970-களில் தமிழகப் பக்கம் இருந்து சாலை போடும் பேச்சு எழுந்த பிறகுதான் தகராறு சூடுபிடித்தது. நடைமுறையில் குமுளியில் இருந்து போகும் ஜீப் பாதை கேரள வனத்துறையின் கையில். பாதை யாரிடமோ, பிடி அவரிடம்!

இன்னொரு பாதி காடு. ஜீப் பாதை போவது பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள். 1978-ல் அது புலிகள் காப்பகமானது. 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும், 1980-ம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டமும் அங்கே மனித நடமாட்டத்தையும் கட்டுமானத்தையும் இறுக்கிப் பிடிக்கின்றன. அதனால்தான் திருவிழா நாளில்கூட பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை, ஒலிபெருக்கிக்குத் தடை. ஒவ்வொரு வருஷமும் தேனி, இடுக்கி கலெக்டர்கள் கூடிப் பேசித்தான் ஏற்பாடுகளை முடிவு செய்கிறார்கள்.

பளியங்குடி பாதையைச் சாலையாக்க வேண்டும் என்பது கம்பம் பள்ளத்தாக்கு மக்களின் பல வருஷக் கோரிக்கை. தேர்தல் வந்தால் அதுவும் வரும். ஆனால் ஒன்றை யாரும் மேடையில் சொல்வதில்லை. நாளைக்கே எல்லை அளந்து கோயில் தமிழகத்துக்கே என்று தீர்ப்பானாலும், சாலை தானாக வந்துவிடாது. காடு காடுதான், மத்திய அரசின் வன அனுமதி வேண்டும். பக்கத்திலேயே ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலையை 2021-ல் புலிகள் காப்பகமாக்கியது தமிழகப் பக்கத்தில்தான். ஆக, இப்போதைக்குக் கேட்கக்கூடிய கோரிக்கை வேறு: இடிந்து விழும் கற்களை இரண்டு மாநிலமும் சேர்ந்து பாதுகாப்பது, நடைபாதையைச் சீராக்குவது, ஒரு நாளை மூன்று நாளாக்குவது. உரிமை வழக்கு முடியும்வரை கல் காத்திருக்காது.

இத்தனைக்கும் சாமி கும்பிடுவதில் சண்டை இல்லை. அன்றைக்குத் தமிழ் முறையிலும் கேரள முறையிலும் பூஜை நடக்கிறது. கொடுங்கல்லூர் பகவதியையும் ஆற்றுக்கால் பகவதியையும் கண்ணகியாகவே பார்க்கும் மரபு கேரளத்தில் உண்டு. இலங்கையில் அவளே பத்தினி தெய்யோ. கண்டி எசல பெரஹராவில் பத்தினி தேவாலய ஊர்வலமும் சேர்ந்து வரும்.

பிற்பகலோடு மலையேற அனுமதி நின்றுவிடும். மங்கல நாணும் வளையலும் பிரசாதமாக வாங்கிக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் எல்லாரும் இறங்கிவிட வேண்டும்.