வளர்த்தது நாம், வீரம் மட்டும் அரச ரத்தமா?

தேவாரத்தில் நாங்கள் நடத்தும் மாலைப் படிப்பகத்துக்கு வரும் பிள்ளைகளில் பலரின் அம்மாக்கள் விடியும் முன்பே ஜீப் ஏறி, மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்து ஏலத்தோட்டங்களில் வேலை பார்த்துவிட்டு, இருட்டும் நேரத்தில் இறங்கி வருகிறவர்கள். அந்தப் பிள்ளைகளுக்கு ஒருநாள் மதுரைவீரன் கதை சொன்னோம். காசி ராஜாவுக்குப் பிறந்தவன், கொடி சுற்றிப் பிறந்ததால் காட்டில் விடப்பட்டவன், சக்கிலியர் தம்பதி எடுத்து வளர்த்தவன் என்று அச்சில் பரவியிருக்கும் கதையையே சொன்னோம். ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: "அப்ப வீரன் நம்மாளு இல்லையாக்கா?"

தோழர்களே, அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் குழந்தை இலக்கியம் பற்றிப் பேச நமக்கு உரிமை இல்லை.

நாயகன் வீட்டைவிட்டுப் புறப்படுவான், சோதனைகளைக் கடப்பான், வென்று திரும்புவான் என்று உலகத்துக் கதைகளை எல்லாம் ஒரே சட்டத்தில் அடைத்தார் ஜோசப் கேம்ப்பெல், 1949இல். சட்டம் கச்சிதம்தான். ஆனால் நாயகன் புறப்படும் வீடு யாருடையது, அந்த வீட்டுக்குக் கடைசியில் என்ன மிச்சம் என்று நாம்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

சி. எஸ். லூயிஸின் நார்னியா வரிசையில் 1954இல் வந்த நாவலில் ஒரு மீனவர் குடிசையில் வேலைக்காரனைப் போல வளர்கிறான் ஷாஸ்டா. கடைசியில் அவன் காணாமல் போன இளவரசன். இரண்டே வருடம் கழித்து, 1956இல், எம்.ஜி.ஆர். நடித்த 'மதுரை வீரன்' இங்கே திரைக்கு வருகிறது. அதிலும் செருப்புத் தைக்கும் குடும்பத்தில் வளர்கிறவன் பிறப்பால் இளவரசன். லூயிஸைப் பார்த்து யாரும் எடுக்கவில்லை. பிறப்பில்தான் பெருமை என்ற நம்பிக்கை இரண்டு ஊருக்கும் பொது. நம் சேரி அவர்களுடைய நாயகனுக்கு வனவாசக் காலம், அவ்வளவுதான்.

வீரனுக்கு இந்த அரச ரத்தம் எதற்குத் தேவைப்பட்டது? அவன் பாளையக்காரர் மகள் பொம்மியைக் காதலித்து அழைத்துப்போகிறான். சக்கிலியர் வீட்டுப் பிள்ளை அதைச் செய்தால் சாதி உடைகிறது. ராஜா மகன் செய்தால் எதுவும் உடைவதில்லை. முத்துப்பட்டன் கதையிலும் இதே வேலைதான். பார்ப்பனனான பட்டன் மணந்த சக்கிலியப் பெண்கள் இருவரையும், பிறப்பால் பார்ப்பனப் பெண்கள் என்று பின்னால் மாற்றிவிட்டார்கள். அந்தத் திருத்தத்தை அம்பலப்படுத்தியவர் நா. வானமாமலை. சாதி மாறிக் காதலித்தால் இன்றைக்கும் வெட்டுகிற நாட்டில் இதை வெறும் கதை என்று விட்டுவிட முடியுமா?

"எல்லாக் குழந்தைக்கும் தான் ரகசிய இளவரசன் என்று கனவு காணப் பிடிக்கும்" என்பார்கள். பிடிக்கட்டும். ஆனால் அந்தக் கனவில் நம் பிள்ளை முதலில் மறுக்க வேண்டியது தன் அம்மாவை. மலையேறிக் கூலி கொண்டுவரும் அந்த அம்மாவும் தினம் புறப்படுகிறாள், சோதனை கடக்கிறாள், திரும்புகிறாள். அவளை எந்தச் சட்டமும் நாயகி என்பதில்லை.

வேறு மாதிரி எழுத முடியாதா? முடியும். அமெரிக்கரான லாயிட் அலெக்சாண்டர் 1967இல் எழுதிய நாவலில் பன்றி மேய்க்கும் டாரன், தான் உயர்குலமாக இருக்க வேண்டும் என்ற ஆசையில் பெற்றோரைத் தேடி அலைகிறான். ஒரு நொண்டி இடையர், நான்தான் உன் அப்பா என்கிறார். டாரனுக்கு முதலில் வெட்கம், பிறகு அந்த வெட்கத்தை நினைத்தே வெட்கம். அவர் சொன்னதும் உண்மையில்லை. அடுத்த நாவலில் அவன் அரசனாகிறான். அப்போதும் அவன் பிறப்பு என்னவென்று யாருக்கும் தெரியாது, ஆசிரியர் சொல்லவும் இல்லை.

வீரன் தங்கள் குலத்தில் பிறந்தவனே என்று அருந்ததியர் சொல்லும் மரபும் உண்டு. அதைத் தேடிக் கேளுங்கள், எழுதுங்கள், பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அடுத்த வாரம் நாங்களும் அப்படித்தான் சொன்னோம். மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன் நம் வீட்டுப் பிள்ளை, வாள் பிடித்த கையும் நம் சோற்றில் வளர்ந்தது என்றோம். கேள்வி கேட்ட பிள்ளை அன்றைக்கு முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தாள்.

ஜெய்பீம்.