பேலன்ஸ் பண்ணச் சொல்கிறார்கள்!

'பேலன்ஸ்' என்ற வார்த்தையைக் கேட்டாலே இப்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது. காலேஜ் ஆண்டு விழாவுக்கு வருகிற டி.வி. பிரபலங்கள் எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். "மீடியா வேலையை மட்டும் நம்பாதீங்க தம்பி. காலையில மைக், சாயந்திரம் குறும்படம், சைடுல ஒரு பிசினஸ். மூணையும் பேலன்ஸ் பண்ணணும். டைம் மேனேஜ்மென்ட்தான் எல்லாம்!"

நாமும் கை தட்டுகிறோம். அந்த மைக் வேலைக்கு என்ன சம்பளம் என்று மட்டும் யாரும் எழுந்து கேட்பதில்லை.

சென்னையில் உட்கார்ந்து பேசினால் இது விளங்காது. பர்கூருக்கு வாருங்கள். கிருஷ்ணகிரியைத் தாண்டி சென்னை போகிற நெடுஞ்சாலையில் இருக்கிற ஊர். தெருத் தெருவாக ஜவுளிக்கடைகள். ஆந்திராவில் இருந்தும் கர்நாடகத்தில் இருந்தும் வந்து கல்யாணத்துக்குத் துணி எடுத்துப் போகிறார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் விலை சொல்லத் தெரிந்த கடைக்காரர்கள். சுற்றுவட்டாரத்தில் கிரானைட், மாங்கூழ் ஆலைகள், சிப்காட். ஜெயலலிதா 1991-ல் ஜெயித்து முதல்வரானதும், 1996-ல் முதல்வராக இருந்தபடியே தோற்றதும் இந்தத் தொகுதியில்தான். அந்த இரண்டு முறையும் நாடே பர்கூரைத் திரும்பிப் பார்த்தது. மற்ற நாட்களில் இந்த ஊரில் என்ன நடந்தாலும் அதை உலகத்துக்குச் சொல்ல, பைக்கில் ஓடுகிற பகுதி நேர நிருபர்தான் கதி.

அவருடைய பொழப்பைக் கொஞ்சம் பாருங்கள். பெரும்பாலான சேனல்களில் இப்படிப்பட்டவருக்கு மாதச் சம்பளம் கிடையாது. ஒளிபரப்பான செய்திக்கு இவ்வளவு என்று கணக்கு. ஓடாத செய்திக்குப் பூஜ்யம். கேமராவோ செல்போனோ, அது அவருடையது. பெட்ரோல் அவருடையது. சேனல் தருவது லோகோ ஒட்டிய மைக்கும் ஒரு அடையாள அட்டையும். இதை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது என்பது, கொடுக்கிறவருக்கும் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும். அதனால் அவர் ஜவுளி கமிஷன் பார்க்கிறார். கல்யாண வீடியோ எடுக்கிறார். கடைத் திறப்பு விழாவில் மைக் பிடிக்கிறார். காலேஜில் படித்தபோது எழுத ஆரம்பித்த கதை ஒன்று நோட்டில் பாதியில் நிற்கிறது. கேட்டால் 'ரிட்டயர் ஆனதும் முடிச்சிரலாம் சார்' என்பார். ரிட்டயர் ஆவதற்கு முதலில் உத்தியோகம் இருக்க வேண்டுமே!

நான் பி.காம். படித்தவன். காஸ்ட் அக்கவுன்டிங்கில் படித்ததில் பாதி மறந்துபோச்சு. ஒன்று மறக்கவில்லை. ஒரு சரக்கின் செலவைத் தூக்கி இன்னொரு சரக்கின் கணக்கில் எழுதிவிட்டால், முதல் சரக்கு அமோக லாபமாகத் தெரியும். இங்கே நடப்பது அதுதான். பர்கூர்ச் செய்தியின் செலவு சேலைக் கமிஷன் கணக்கில் ஏறிக்கொண்டிருக்கிறது. சேனல் இவருக்குப் படியளக்கிறது என்று நினைக்காதீர்கள். இவர்தான் சேனலுக்கு மானியம் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

ஓசூரில் ஃபாக்டரித் தொழிலாளியைக் கூடுதல் நேரம் நிறுத்தினால் இரட்டைக் கூலி தரவேண்டும் என்று 1948-லேயே சட்டம் வந்துவிட்டது. நெடுஞ்சாலையில் லாரி கவிழ்ந்து ராத்திரி 2 மணிக்கு எழுந்து ஓடுகிற நிருபருக்கு ஓவர்டைம் என்ற வார்த்தையே கிடையாது.

சரி, பத்திரிகையாளருக்குச் சட்டம் இல்லையா என்பீர்கள். 1955-ல் உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் வந்தது. ஆனால் அது செய்தித்தாள்காரர்களுக்கானது. டி.வி., ரேடியோ ஆட்கள் அதில் கிடையாது. பல வருஷம் கேட்டுக் கேட்டு, புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில்தான் மின்னணு ஊடகத்தையும் சேர்த்தார்கள். அது அமலுக்கு வந்தது 2025 நவம்பர் 21-ல். நல்ல விஷயம்தான். ஆனால், பழைய சட்டத்திலும் புதிய தொகுப்பிலும் இருக்கிற ஒரு வார்த்தையைக் கவனியுங்கள். பத்திரிகைத் தொழில் அவருடைய 'பிரதானத் தொழிலாக' இருக்கவேண்டும்.

புரிகிறதா? வயிறு நிறையாத காசு கொடுத்து, 'சைடுல ஏதாச்சும் பண்ணிக்கப்பா' என்று தோளில் தட்டுவார்கள். நாளைக்கு அவர் உரிமை கேட்டுப் போனால், 'உங்க பிரதானத் தொழில் ஜவுளி வியாபாரம்தானே?' என்று கேட்க வாய் இருக்கிறது. பட்டினி போடுகிறவரே, பக்கத்து வீட்டில் சாப்பிட்டதைச் சாட்சிக்குக் காட்டுகிற கதை. முழு நேரம், பகுதி நேரம் இரண்டையும் சட்டம் ஏற்கிறது என்று வக்கீல்கள் சொல்வார்கள். ஏற்கட்டும். வேலைக்கு வைத்ததற்கே ஒரு துண்டுக் காகிதம் இல்லாதவர் எதைக் கொண்டுபோய் நீட்டுவார்?

தனியாரை மட்டும் திட்டினால் போதாது. அரசாங்க ரேடியோவைப் பாருங்கள். அகில இந்திய வானொலியில் கேஷுவல் அறிவிப்பாளர்களுக்கு மாதத்துக்கு 6 டூட்டிதான் உச்சவரம்பு என்று வருஷக்கணக்கில் வைத்திருந்தார்கள். ஏன் ஆறு? அதிக நாள் கொடுத்தால் நிரந்தரம் கேட்டுக் கோர்ட்டுக்குப் போய்விடுவார்கள் என்ற பயம். வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. நாம் தினமும் கேட்கிற இனிமையான குரல், மாதத்தில் 24 நாள் வேறு எங்கேயோ பிழைப்பு தேடவேண்டும்.

இதே வானொலிதான் ஒரு காலத்தில் எப்படி இருந்தது? வாத்தியார் வேலை பார்த்த தி.ஜானகிராமன், வானொலியில் கல்வி ஒலிபரப்புக்குப் போனார். அந்த வேலையில் இருந்தபோதுதான் 'அம்மா வந்தாள்' எழுதினார். அகிலன் 1975-ம் வருஷத்துக்கான ஞானபீடப் பரிசு பெற்றபோது சென்னை வானொலி ஊழியர். 'இன்று ஒரு தகவல்' தென்கச்சி கோ.சுவாமிநாதன் விவசாயம் படித்தவர், பண்ணை ஒலிபரப்பில் ஆரம்பித்தவர். யாரும் அவரை சைடில் விதை விற்கச் சொல்லவில்லை. மத்திய அரசு ஊழியருக்கான 1964-ம் வருஷ நடத்தை விதிகள், அனுமதி இல்லாமல் வியாபாரம் செய்யக்கூடாது என்கின்றன. அதே விதிகள், வேலை கெடாமல் எப்போதாவது செய்கிற இலக்கிய, கலைப் பணிக்கு அனுமதியே தேவையில்லை என்றும் சொல்கின்றன. கதை எழுது, கடை வைக்காதே! ஒண்ணாம் தேதி சம்பளம் வந்ததால்தான் அப்படிச் சொல்ல முடிந்தது. எல்லோரும் தி.ஜா. ஆகிவிடவில்லை, உண்மை. ஆனால் எழுத நினைத்தவருக்கு சாயங்காலம் என்று ஒன்று இருந்தது. சும்மா உட்கார்ந்து யோசிக்கிற அந்த நேரத்தை எந்த டைம் மேனேஜ்மென்ட் புத்தகமும் தராது.

'அவங்க கஷ்டம் அவங்களோட, எனக்கென்ன?' என்று நீங்கள் பக்கத்தைத் திருப்பப் போகிறீர்கள். இருங்கள்.

2024 ஆகஸ்டில் பர்கூர் அருகே ஒரு தனியார் பள்ளியில் போலி என்.சி.சி. முகாம் நடத்தி, மாணவிகளுக்குப் பாலியல் கொடுமை நடந்த விவகாரம் வெளியே வந்தது. மறைக்கப் பார்த்ததாகப் பள்ளியைச் சேர்ந்தவர்களும் கைதானார்கள். தமிழ்நாடே கொதித்தது. அந்த மாதிரி ஒரு விஷயம் நாளைக்கு வேறு ஒரு ஊரில், வேறு ஒரு பள்ளியில் கசிகிறது என்று வையுங்கள். முதலில் அது யார் காதுக்கு வரும்? ஊர் நிருபர் காதுக்கு. அதே நிருபரைத்தான், ரிசல்ட் சீசனில் பள்ளி விளம்பரம் பிடித்துத் தரச் சொல்லி சேனல் அனுப்புகிறது. அந்த விளம்பரக் கமிஷனில்தான் அவர் தன் பிள்ளைக்கு ஃபீஸ் கட்டியிருக்கிறார். செய்தி போட்டால் அடுத்த வருஷ விளம்பரம் போச்சு. கிரானைட் குவாரி, சாயக் கழிவு, எதை எடுத்தாலும் இதே கதைதான்.

அவர் செய்தி போடமாட்டார் என்று நான் சொல்லவில்லை. விளம்பரம் போனாலும் பரவாயில்லை என்று போடுகிறவர்கள் ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கிறார்கள். அவர்கள் காலைத் தொட்டுக் கும்பிடலாம். ஆனால் உங்கள் வீட்டுப் பிள்ளையின் பாதுகாப்பு, ஒரு தனி மனிதன் இந்த மாதம் எவ்வளவு நஷ்டத்தைத் தாங்குவான் என்பதில் தொங்குவது உங்களுக்குச் சம்மதமா?

வியாபாரம் செய்வதைக் கேவலமாகச் சொல்கிறேன் என்று பர்கூர் ஜவுளிக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஆசைப்பட்டு மூன்று வேலை செய்கிறவர் செய்யட்டும், அவர் சாமர்த்தியம். முதல் வேலை சோறு போடாததால் மற்ற இரண்டுக்கும் ஓடுகிறவரைப் பார்த்து, மேடையேறி பேலன்ஸ் பாடம் நடத்தாதீர்கள் என்கிறேன்.

டி.வி. திரையின் அடியில் நாள் முழுக்க ஒரு பட்டி ஓடுகிறது. தங்கம் விலை, தக்காளி விலை, அணை நீர்மட்டம் எல்லாம் அதில் வருகிறது. 'பர்கூரில் இருந்து எமது செய்தியாளர்' என்று பெருமையாகச் சொல்லும்போது, அந்தச் செய்திக்கு அவருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்பதையும் அதே பட்டியில் ஒரே ஒரு நாள் ஓடவிடட்டும், பார்ப்போம்.