எண்ணிக்கை மட்டும் நியாயம் சொல்லாது



கர்ப்பிணித் தாயொருவரைப் பார்க்கச் சென்ற வீட்டில் மாமியார் என்னிடம் உறுதியாகச் சொன்னார்: "பெரியாஸ்பத்திரியில கனக்கப் பிள்ளையள் சாகுதாம், பிள்ளை. பக்கத்தில இருக்கிற சின்ன ஆஸ்பத்திரியிலயே பெறட்டும்." மருமகளுக்கு 32ஆவது வாரம். இரத்த அழுத்தம் கூடியிருந்தது. பெரிய வைத்தியசாலைக்குப் போகும்படி கிளினிக்கில் கொடுத்த துண்டு, சுவாமிப் படத்துக்குப் பின்னால் மடித்துக் கிடந்தது.

அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சில வருடங்களுக்கு முன், இரண்டு வைத்தியசாலைகளின் சிசு மரணங்களை ஓர் அறிக்கையில் அருகருகே எழுதி, கூடிய எண்ணிக்கையைக் கவனக்குறைவு என்று காட்டியவள் நான். அதை வாசித்த மூத்த தாதி ஒருவர் கேட்டார்: "எங்களிடம் வந்த பிள்ளைகள் எப்படிப்பட்ட பிள்ளைகள் என்று பார்த்தீர்களா?"

அன்று படித்த பாடத்தை, கலண்டர்த் தாளின் பின்புறத்தில் கற்பனைக் கணக்காக அம்மாவுக்கு எழுதிக் காட்டினேன். இரண்டு இடத்திலும் 1,000 பிரசவங்கள். சின்ன வைத்தியசாலையில் நிறை குறைந்த பிள்ளைகள் 40, இறந்தவை 4. மற்ற 960 பேரில் 2. மொத்தம் 6. பெரியதில் நிறை குறைந்தவை 200, இறந்தவை 10. மற்ற 800 பேரில் 1. மொத்தம் 11. பார்த்தால் பெரியதுதான் மோசம். ஆனால், நிறை குறைந்த பிள்ளைகளில் சின்னதில் நூற்றுக்குப் பத்து இறக்க, பெரியதில் நூற்றுக்கு ஐந்துதான். நிறையுள்ள பிள்ளைகளிலும் பெரியதிலேயே இறப்புக் குறைவு!

அதோடு, ஆபத்தான நிலையில் மாற்றி அனுப்பப்படும் பிள்ளை இறந்தால், அது பெரிய வைத்தியசாலையின் கணக்கிலேயே விழக்கூடும்.

இதனால்தான் பிறப்பு நிறை, கர்ப்ப வாரம், பிறந்தபோதைய நிலை ஆகியவற்றைப் பார்த்து, ஒத்த பிள்ளைகளை ஒத்த பிள்ளைகளோடு ஒப்பிட வேண்டும். 1993இல் வெளியான 'கிரிப்' என்ற புள்ளிமுறை, மிகச் சிறிய பிள்ளைகளின் நிறை, வாரம், பிறவிக் குறைபாடு, முதல் 12 மணித்தியாலத்தில் தேவைப்பட்ட ஒட்சிசன் முதலியவற்றைக் கொண்டு ஆபத்தை அளக்கிறது. ஆரம்ப நிலையை மட்டும் எடுப்பதற்குக் காரணம் உண்டு. பின்னால் வரும் சீர்கேடு, கவனிப்பின் குறையாகவும் இருக்கலாம் அல்லவா?

சிறிய இடங்களில் ஓரிரு மரணமே கணக்கைப் புரட்டிவிடும்; பல வருடங்களைச் சேர்த்துப் பார்ப்பதே நீதி. மரணத்தை மட்டும் எண்ணுவதும் போதாது. முதல் மணித்தியாலத்தில் தாய்ப்பால் கொடுக்கப்பட்டதா? உடற்சூடு பேணப்பட்டதா? கிருமித்தொற்று எத்தனை பேருக்கு? இவையும் கவனிப்பின் அளவுகோல்களே.

அம்மா தாளை நெடுநேரம் பார்த்தார். "அப்ப அங்க சாகிறது, சாகக் கிடந்து போன பிள்ளையளோ?" என்றார். பிறகு எழுந்துபோய்ச் சுவாமிப் படத்துக்குப் பின்னாலிருந்த துண்டை எடுத்தார்.

பேரப்பிள்ளை 1,600 கிராம் நிறையோடு பிறந்து, இப்போது தாயின் நெஞ்சுச் சூட்டில் வளர்கிறது. இந்த ஒரு பிள்ளையைக் காட்டி, பெரிய வைத்தியசாலையே சிறந்தது என்று நான் எழுதமாட்டேன். அதுவும் நியாயமான கணக்கல்ல. ஆனால், யாராவது ஒரு வைத்தியசாலையின் மரண எண்ணிக்கையை உங்களிடம் சொன்னால், அந்தத் தாதி கேட்ட கேள்வியை நீங்களும் கேளுங்கள்.