காத்திருந்தவரின் பாடல்கள்

இளமையில் விரும்பிக் கேட்ட இசை யாவும் முதுமையிலும் இனிக்கும் என்று சொல்வதற்கில்லை. சில பாடல்கள் காலத்தோடு கரைந்து போகின்றன. சிலவோ நமக்கு வயது ஏற ஏறத் தாமும் பொருள் முதிர்ந்து வருகின்றன. இரண்டாம் வகையைச் சேர்ந்தது, ஜோர்ஜ் ஹரிசன் 1970 நவம்பரில் வெளியிட்ட ‘ஓல் திங்ஸ் மஸ்ட் பாஸ்’ என்னும் இசைத்தொகுதி. எல்லாம் கடந்து போகும் என்பதே அத்தலைப்பின் பொருள்.

பீற்றில்ஸ் குழுவிலே ஜோன் லெனனும் போல் மக்காட்னியுமே பெரும்பாலான பாடல்களை இயற்றினர். ஹரிசனுக்கு ஓர் இசைத்தட்டில் ஒன்றிரண்டு பாடல்களுக்கு இடங் கிடைத்தாலே பெரிது. இத்தொகுதியின் தலைப்புப் பாடலைக்கூடக் குழுவினர் 1969 ஜனவரியில் பயின்று பார்த்துக் கைவிட்டனர். அவரோ எழுதுவதை நிறுத்தினாரல்லர். குழு பிரிந்த ஆண்டிலேயே, சேர்த்துவைத்த பாடல்கள் அணை உடைந்தாற்போல மூன்று இசைத்தட்டுக்களாக ஒரே பெட்டியில் வெளிவந்தன.

ஒலிப்பதிவு நடந்துகொண்டிருந்த யூலை மாதத்தில் அவருடைய தாயார் காலமானார். இதை அறிந்தபின் தலைப்புப் பாடலைக் கேட்பவர்க்கு, அது வெறும் வேதாந்தமாக ஒலிப்பதில்லை. துயரத்தின் நடுவே ஒருவர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும் ஆறுதலாகவே ஒலிக்கிறது. ரவி சங்கரிடம் சித்தார் பயின்ற விரல்கள் கித்தார் தந்தியிலே வழுக்கிச் செல்லுகையில், நம் கமகங்களின் சாயலும் செவிக்குப் புலப்படுகிறது.

குறை இல்லாமலில்லை. தயாரிப்பில் துணைநின்ற பில் ஸ்பெக்டர் வாத்தியங்களை அடுக்கடுக்காய்க் குவித்து, எதிரொலியையும் அளவுக்கு மிஞ்சிச் சேர்த்துவிட்டார். அந்தப் பேரோசையிலிருந்து சில பாடல்களை விடுவிக்க விரும்புவதாக 2001 மறுபதிப்பில் ஹரிசனே எழுதினார். அவ்வாண்டு நவம்பரில் அவர் மறைந்தார். மகன் தானியின் மேற்பார்வையில் 2021இல் வந்த புதிய கலவையிலே எதிரொலி அடங்கி, தந்தையின் குரல் முன்னே வந்து நிற்கிறது. முதன்முறை கேட்கும் மாணவர்கள் இதிலிருந்தே தொடங்கலாம்.

புகழோடு சோதனையும் வந்தது. ‘மை சுவீற் லோட்’ என்ற பாடலின் மெட்டு, 1963இல் புகழ்பெற்ற வேறொரு பாடலைத் தம்மையறியாமலே தழுவியது என 1976இல் நியூயோர்க் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்படியிருந்தும் அப்பாடலின் பக்தியை ஐயுற இடமில்லை. அல்லேலூயாவும் ஹரே கிருஷ்ணாவும் ஒரே மூச்சில் கலக்கும் அந்தக் குரல் இன்றும் உள்ளத்தைத் தொடுகிறது.

தமக்குரிய இடம் கிடைக்கவில்லையே என ஏங்கும் இளைஞர் பலர். அவர்கள் இதனை ஒருமுறை கேட்கட்டும். இடம் கிடைக்காத காலத்திலும் ஹரிசன் எழுதிக்கொண்டே இருந்தார். கிடைத்த அன்று அவர் கையிலே பாடல்கள் இருந்தன.