துப்பித் தீர்ப்பதற்கன்று உமிழ்நீர்

ரமலான் வந்துவிட்டால் நம் பள்ளிவாசல்களின் ஹவ்ளு ஓரத்திலும் வாசற்படியிலும் ஒரு காட்சியைக் காண்கிறோம். நோன்பாளிகளில் சிலர் லுஹரிலிருந்து மஃரிபு வரை ஓயாமல் துப்பிக்கொண்டே இருக்கின்றனர். எச்சிலை விழுங்கினால் நோன்பு முறிந்துவிடும் என்னும் அச்சமே காரணம். வேளாங்கண்ணி, நாகப்பட்டினம், நாகூர் என நீளும் நம் கடலோரப் புழுக்கத்தில், அந்த அச்சம் தொண்டையை மேலும் வறளச் செய்கிறது; தொழ வருவோருக்கும் அருவருப்பைத் தருகிறது.

வாயைவிட்டு வெளியேறாத, வேறெதுவும் கலவாத உமிழ்நீரை விழுங்குவதால் நோன்பு முறியாது. இதில் மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. மார்க்கம் எளிதாக்கிய ஒன்றை நாமே ஏன் கடினமாக்கிக்கொள்ள வேண்டும்?

துப்பி எறியும் அந்த நீரின் மதிப்பை நாம் அறிந்தோமில்லை. காதுகளின் முன்புறமும், தாடைக்கு அடியிலும், நாவுக்கு அடியிலுமாக 3 இணைப் பெருஞ்சுரப்பிகளை இறைவன் அமைத்துள்ளான். நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கிறது. அதில் 100க்கு 99 பங்கு தண்ணீரே. விழுங்கினால் அந்தத் தண்ணீர் குடலில் உறிஞ்சப்பட்டு மீண்டும் உடலையே சேர்கிறது. எஞ்சிய அந்தச் சிறு பங்கில்தான் உணவை வழுக்கிச் செல்லவைக்கும் குழைமமும், பற்களைக் காக்கும் உப்புகளும், செரிமானத்தைத் தொடங்கிவைக்கும் அமிலேஸ் என்னும் நொதியும் அடங்கியுள்ளன.

நாம் காவிரிப் படுகையின் மக்கள். சோறே நம் உணவு. சோற்றின் மாவுச்சத்தை மால்டோஸ் முதலிய சிறு சர்க்கரைகளாக அமிலேஸ் உடைக்கிறது. ஒரு கவளம் வெறுஞ்சோற்றை நெடுநேரம் மென்று பாருங்கள். மெல்ல இனிக்கத் தொடங்கும். உமிழ்நீர் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குவதை 1831இலேயே லூக்ஸ் என்னும் ஜெர்மானிய வேதியியலாளர் எடுத்துரைத்தார். விழுங்கிய கவளத்தின் உட்புறத்தில், இரைப்பையின் அமிலம் ஊடுருவும்வரை இந்த வேலை தொடர்கிறது. மாவுச்சத்தின் பெரும்பகுதி சிறுகுடலில்தான் செரிக்கிறது என்பது உண்மையே. ஆயினும் முதல் அடி வாயில் எடுத்து வைக்கப்படுகிறது.

அந்த முதல் அடிக்கு இஃப்தார் வேளையில் நாம் இடம் தருகிறோமா? பாங்கு ஒலித்ததும் வடையும் சமோசாவும் பாதி மென்றபடி உள்ளே செல்கின்றன. நோன்புக் கஞ்சி மடமடவென இறங்குகிறது. தொழுகையில் நிற்கும்போது வயிறு கனத்து, ருகூவில் குனியவே சிரமப்படுகிறோம். பின்னர்க் கஞ்சியின் மீது பழி சுமத்துகிறோம். நொய்யரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் குழைய வெந்த கஞ்சி என்ன குற்றம் செய்தது? குற்றம் நம் அவசரத்தினுடையது.

நோன்பு திறப்பதை விரைவுபடுத்துவது சுன்னத், உண்பதை விரைவுபடுத்துவதன்று. பேரீச்சம்பழத்தால் நோன்பு திறக்கும் நபிவழியில் நமக்கு ஓர் ஒழுங்கு கிடைக்கிறது. பழத்தை நன்கு மெல்லும்போதே வறண்ட வாயில் உமிழ்நீர் ஊறிவிடும். பின்னர்த் தண்ணீர், அதன்பின் கஞ்சியைச் சிறு மிடறுகளாக, வாயில் சற்றே நிறுத்திப் பருகலாம். பொரித்த பண்டங்கள் தொழுகைக்குப் பிறகு காத்திருக்கட்டும்.

இல்லத்தில் முதல் நோன்பு நோற்கும் பிள்ளைகளுக்கு இவ்விரண்டையும் கற்றுக்கொடுப்போம்: பகலில் எச்சிலுக்கு அஞ்ச வேண்டாம், மாலையில் மெல்லாமல் விழுங்க வேண்டாம். அருளப்பட்டவற்றின் அருமையை உணர்ந்து நன்றி செலுத்துவோராக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக! ஆமீன்.